கழுத்துக்குக் கீழே

முந்தின நாள் மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர் குடித்ததுதான். அதற்கப்புறம் முத்துக்கண்ணன் நாக்கில் ஒரு சொட்டு படவில்லை. இப்போது காலை மணி பதினொன்று. போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த ஸ்டுடியோவின் வாசலில் அவன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். கீழே கரும்புச்சாறு வண்டியின் சலங்கை குலுங்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்ப்பான். பார்த்ததும் தப்புச் செய்தவன் போலத் திரும்பி வந்துவிடுவான்.

நாற்பத்தொரு வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவன் போடிமெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவன். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். போன வருஷம் ஒரு கொண்டை ஊசி வளைவில் டயர் பஞ்சரானபோது, ஜாக்கி போடக் குனிந்தவனுக்கு வயிறு மடங்கவில்லை. மூச்சு இரைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். வண்டியில் வந்த பெண்கள்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டயரைக் கழற்றி மாட்டினார்கள். ஒருத்திகூடக் கேலி பேசவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாளே அன்சார் நடத்துகிற ஜிம்மில் போய் நின்றான்.

பதினோரு மாதத்தில் இருபத்திரண்டு கிலோ குறைந்தது. அன்சாருக்குத் தலைகால் புரியவில்லை. முத்துக்கண்ணனைவிடப் பதிமூன்று வயது சின்னவன் அவன். ஜிம் வாசலுக்குப் புது போர்டு வைக்க இருந்தான். எவனோ வெளியூர்க்காரன் படம் எதற்கு, நம்ம அண்ணன் படத்தையே போடுவோம் என்று சொல்லி, இந்த ஸ்டுடியோவை ஒரு மணி நேரத்துக்குப் பேசிவிட்டான். கடைசி வாரம் முழுக்க உப்பில்லாத கோழியும் முட்டை வெள்ளையும். கடைசி நாள் தண்ணீர் கிடையாது. தோலுக்கடியில் இருக்கிற தண்ணீர் வற்றினால்தான் வயிற்றில் கோடு கோடாய் விழும் என்பது அன்சார் எங்கோ வீடியோவில் பார்த்துப் படித்த பாடம்.

மனைவி கற்பகத்துக்கு இது அறவே பிடிக்கவில்லை. ஆனாலும் புருஷன் முதுகில் கைக்கு எட்டாத முடியையெல்லாம் அவள்தான் சவரம் செய்துவிட்டாள். கூடவே வந்து உட்கார்ந்தும் இருந்தாள். அவள் மடியில் இருந்த பைக்குள் தண்ணீர் பாட்டில் இருந்தது. அது அவனுக்குத் தெரியும். அதனாலேயே அவள் பக்கம் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தான்.

உள்ளே ஒரு வயதுக் குழந்தை ஒன்றுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் செய்த பிறை நிலாவில் உட்காரமாட்டேன் என்று அது வீரிட்டு அழுதது. பதினொன்றேகால் ஆனது, பதினொன்றரை ஆனது. நடந்து நடந்து முத்துக்கண்ணனுக்கு வாசலில் எத்தனை ஓடு பதித்திருக்கிறது என்பது மனப்பாடமாகிவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச வரவில்லை. அன்சார் வந்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்புதான் கதவு திறந்தது. சட்டையைக் கழற்றித் தண்டால் எடுக்கச் சொன்னான் அன்சார். நரம்பு புடைத்தது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசினார்கள். சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் விளக்குகளைத் திருப்பிவைத்த போட்டோகிராபர் மனோஜ், வியர்வை போலத் தெரிய வேண்டும் என்று ஸ்ப்ரே பாட்டில் ஒன்றை எடுத்துவந்து நெஞ்சிலும் தோளிலும் தண்ணீரைப் பீய்ச்சினான். ஒரு துளி மோவாயில் வழிந்தது. முத்துக்கண்ணன் நாக்கை நீட்டி அதை எடுத்துக்கொண்டான். அன்சார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான். கற்பகம் பார்த்தாள்.

ஏழெட்டுப் படம் எடுத்திருப்பார்கள். காலை முன்வைத்து வயிற்றை இறுக்கச் சொன்னபோது கெண்டைக்காலில் குரக்கு பிடித்தது. அப்படியே திரைமேல் சரிந்தான். விரல்கள் கோணிக்கொண்டன. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அன்சார் ஓடிவந்து காலை நீவிவிட்டான்.

"இன்னும் பத்தே நிமிசம், பல்லக் கடிச்சுக்கங்கண்ணே."

கற்பகம் பாட்டிலின் மூடியைத் திருகியபடி வந்து பக்கத்தில் குந்தினாள். குரல் உயரவில்லை.

"தம்பி, ஒன் போர்டு நாளைக்கும் வைக்கலாம். இவரு நாளைக்கு மலையேறணும். வண்டிக்குள்ள பதினாலு உசுரு இருக்கும்."

அன்சார் கையை எடுத்துவிட்டான். முத்துக்கண்ணன் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து மடக்மடக்கென்று குடித்தான். தொண்டையில் இறங்கியது, நெஞ்சில் இறங்கியது. எங்கெங்கே போகிறது என்று அவனால் வழி சொல்ல முடிந்தது. பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் குடித்தான். கண்ணில் நீர் கட்டியது. அது எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கற்பகம் மனோஜிடம், இவர் சட்டையைப் போட்ட பிறகு இவரை எனக்கு ஒரு படம் எடுத்துக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவன் சிரித்த ஒரே படம் அதுதான்.

பத்து நாள் கழித்து ஜிம் வாசலில் போர்டு ஏறியது. செதுக்கினாற்போன்ற மார்பு, ஏழெட்டுக் கோடு விழுந்த வயிறு. ஆனால் தலையைக் காணோம். கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். முத்துக்கண்ணன் போய்க் கேட்டபோது அன்சார் காலால் தரையைத் தேய்த்தான்.

"ஒடம்பு தங்கமா வந்திருக்குண்ணே. மூஞ்சிதான் ஆஸ்பத்திரிலருந்து எந்திரிச்சு வந்தாப்ல இருக்கு. என்ன செய்யச் சொல்றீங்க?"

திட்டலாம் என்றுதான் போனான். அன்சார் முழுப் படத்தை எடுத்துக் காட்டினான். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. அந்த முகத்தை ஊர் பார்க்காததே நல்லது என்று தோன்றியது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். நான்காம் நாள் விடியலில் ஜீப் ஜிம்மைக் கடக்கும்போது, பின்னால் இருந்த பெண்கள் அந்த உடம்பு யாருடையது என்று பேசிக்கொண்டார்கள். மெட்ராஸ்காரனாக இருக்கும் என்றாள் ஒருத்தி. அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"அது நாந்தான்."

ஆட்களிலேயே மூத்தவள் முத்துப்பேச்சி முன்சீட்டில் இருந்தாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"வெரசா வண்டிய ஓட்டு அப்பு. தோட்டத்துல ஆள் வந்த கணக்குக்குப் பேர் போடற நேரம் தாண்டிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது, கியரை மாற்றினான்.