அழுக்கவும்

கம்பெனியின் பெயரை இணையத்தில் தட்டினால் ஒரு செருப்புக் கடையும் மீன்தொட்டி வியாபாரமும்தான் வந்து விழுந்தன. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை வைத்தே டிவி வினாடிவினாவுக்கு வீட்டிலிருந்து பதில் சொல்ல வைத்த கம்பெனி அது. அதற்கான நிரலை எழுதியவள் அவள். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

பழைய முதலாளி என்னவோ பேட்டி மேல் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: "ஒவ்வொரு எழுத்தும் நானே தட்டினது." அந்த வினாடிவினாவை உருவாக்கியவர் என்று அருங்காட்சியகச் சுவரில் அவர் பெயரைப் பொறிக்கப் போகிறார்கள். அவள் போனில் சண்டை போட்ட பிறகு அங்கிருந்த அதிகாரி, ஆதாரம் இருந்தால் பத்து நாளுக்குள் கொண்டு வரச் சொன்னார்.

"விட்டுத் தொலைடி, அந்தாளுக்கு வயசாயிடுச்சு" என்றாள் கல்லாவில் இருந்த அக்கா.

"எனக்கு மட்டும் குறைஞ்சுகிட்டா வருது?"

ஒன்பதாம் நாள், அடையாள அட்டை நகலெடுக்க வந்தவரைக் காக்க வைத்துவிட்டு இணையத்தில் தேடியபோது அது அகப்பட்டது. டிவி விற்பனையாளர்களின் பழைய மாத இதழ். யாரோ புண்ணியவான் முழுவதையும் ஏற்றி வைத்திருந்தான். அதில் முதல் ஒளிபரப்பின் படம்: 'விடை சொல்ல சிவப்புப் பொத்தானை அழுக்கவும்.'

அவள் 'அழுத்தவும்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். கடைசி நிமிடத்தில் 'அமுக்கவும்'னு மாத்து என்று பின்னால் நின்று கத்தியவர் முதலாளிதான். பாதி மாற்றுவதற்குள் அது திரையில் ஏறிவிட்டது. ஊரே சிரித்தது. அத்தனை பேர் முன்னால் அவளை நிற்க வைத்து 'அழுக்கு மேடம்' என்று பட்டம் சூட்டி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பட்டம் அடுத்த இரண்டு வேலைகளுக்கும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அதிகாரியின் அறையில் முதலாளியும் இருந்தார்.

"சார், முதல் நாள் திரையில இருந்தது எல்லாம் நீங்க எழுதினதா?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஒரு புள்ளி விடாம."

அவள் படத்தை மேசையில் வைத்தாள். அதிகாரி உரக்கப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்தார். முதலாளிக்கு முகம் சிவந்தது.

"இது இவ பண்ணின கூத்து. எனக்கு அதுல ஒரு வரிகூட எழுதத் தெரியாது. அதனாலதான் இவளை நம்பி மொத்தத்தையும் விட்டேன். அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதிகாரி அதற்குள் எழுதி முடித்திருந்தார்.

"சுவர்ல உங்க பேரே வரும், மேடம். பக்கத்துல மாட்டுற இந்தப் படத்துல அந்தப் பிழையை மட்டும் திருத்திடலாமா?"

"ஒரு எழுத்தையும் தொடாதீங்க. திறப்பு விழாவுக்கு சாரைக் கூப்பிடுங்க. எல்லாரும் பார்க்க அவரே வந்து பொத்தானை அழுக்கட்டும்."