ஹலால் பட்டியலில் இருந்த பங்குகள்

ஹலால் என்றால் நஷ்டம் வராது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஜூரோங் கப்பல் பட்டறை ஸ்டோரில் முப்பது வருடமாக ஒரு போல்ட் குறையாமல் கணக்கு வைத்திருக்கும் இந்த ஜலாலுதீனுக்கு, சொந்தக் காசு விஷயத்தில் அவ்வளவுதான் மூளை.

வாப்பா விட்டுப்போன வங்கிப் பங்குகள் என் பெயரில் இருந்தன. அந்தக் காலத்தில் சல்லிசாக வாங்கியவை. வருடம் தவறாமல் டிவிடெண்ட் வரும். ஹஜ்ஜுக்கு அந்தப் பணம்தான் என்று நானும் என் மனைவி ஆயிஷாவும் பேசி வைத்திருந்தோம். பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் வரிசையில் இருந்தோம். வட்டித் தொழில் செய்யும் இடத்துப் பணத்தில் ஹஜ்ஜா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு எல்லாவற்றையும் நாற்பதாயிரம் வெள்ளிக்கு விற்றேன். அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை.

தப்பு அதற்கப்புறம்தான். ஹலால் பங்குகளின் பட்டியல் ஒன்றைப் பிடித்தேன். வங்கி, மது, சூதாட்டம், கடன் மிகுந்த நிறுவனம் எல்லாம் கழிந்துபோக, மேலே நின்றவை புதிய தொழில்நுட்ப நிறுவனங்கள். மார்க்கமே அனுமதித்த பிறகு விலையை வேறு பார்ப்பானேன் என்று, முதல் மூன்றில் மொத்தத்தையும் போட்டேன். ஒரே வருடத்தில் அறுபதாயிரம் ஆனது. நாங்கள் குடியிருக்கும் புக்கிட் பாத்தோக் பேட்டையே எனக்குச் சொந்தம் போல நடந்தேன். பிறகு இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஹஜ் அழைப்பு வந்தது. ஆளுக்குப் பதினைந்தாயிரம் வெள்ளி. இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அன்று என் பங்குகளின் மதிப்பு பதினாறாயிரம்.

கேண்டீனில் ரத்னவேலிடம் சொன்னேன். என்னோடு வேலை பார்ப்பவன், பல வருடமாகப் பங்கு வாங்கி விற்பவன்.

"நீங்க வாங்கினது குரோத் ஷேர் லா, பாய்," என்றான். "நாளைக்கு வரப்போற லாபத்துக்கு இன்னைக்கே விலை குடுத்துட்டீங்க. அந்த லாபம் கொஞ்சம் லேட்டானாலும் விலை விழுந்துடும். வர்ற காசையும் தொழிலைப் பெருக்கவே போட்டுடுவாங்க, டிவிடெண்ட் தரமாட்டாங்க. உங்க வாப்பா வாங்கினது வேல்யூ ஷேர். ஏற்கெனவே லாபம் வர்ற கம்பெனி, ஆனா கம்மி விலை."

"அப்ப ஹலால்ல வேல்யூ ஷேரே கிடையாதா?"

"ஏன் இல்ல? அதே லிஸ்ட்ல கீழ இருந்திருக்கும். எதை வாங்கலாம்னுதான் லிஸ்ட் சொல்லும். விலை சரியான்னு நீங்கதான் பாக்கணும். இப்ப விக்காம இருந்தா ஏறலாம், ஏறாமலும் போகலாம். அஞ்சு வருஷமாவது டைம் குடுக்கணும்."

கேட்டுக்கொண்டேன். கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கோப்பியை ஒரே மடக்கில் குடித்தேன், சூடு தெரியவில்லை.

வீட்டில் ஆயிஷாவிடம் அப்படியே சொன்னேன். அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமா?" என்றாள். "என் காலுக்கு அவ்வளவு டைம் இல்லீங்க."

இரண்டு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் மூன்றையும் விற்கச் சொல்லி ஆர்டர் போட்டேன். ஒருவருக்குப் போதும். ஆயிஷாவின் அண்ணன் ஃபாரூக்குக்கும் இந்த வருடமே அழைப்பு வந்திருந்தது. அவள் அவரோடு போவதாகவும், என் இடத்தை ஒத்திவைக்கும்படியும் பதில் எழுதினோம். அடுத்த அழைப்பு எப்போது என்று தெரியாது. எனக்கு வயது அறுபத்து மூன்று. அதுவும் யாரோ ஒருவருடைய வயதாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைவீதியில் ஹஜ் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். ஆயிஷாவுக்கு அங்கியும் செருப்பும் எடுத்தோம். கடைக்காரர், ஆண்கள் உடுத்தும் வெள்ளை இஹ்ராம் துணியை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"பாய்க்கு இது சரியா இருக்கும்."

"எனக்கு வேணாம். நான் போகல," என்றேன்.

ஆயிஷா தன் பர்ஸைத் திறந்தாள். "அதையும் சேர்த்துப் போடுங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "துணிதானே, கெட்டா போயிடும்? உங்க முறை வர்றப்ப உடுத்திக்குங்க."

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.