தையற்கடை வாசலில் தலைவர் மாளிகை

தலைவர் மாளிகை சில வருடங்களுக்கு ஒருமுறை எழுந்து நடக்கும். யார் வாசலில் போய் உட்காருகிறதோ அவர்தான் நாட்டின் அடுத்த தலைவர். அவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டியதும் அது மறுபடி தன் பழைய குன்றுக்குத் திரும்பிவிடும். பூட்டுவதும், பதிவேட்டில் பெயர் எழுதுவதும் காப்பாளர் இருளப்பனின் வேலை.

ஒன்பதாவது தலைவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே மாளிகை கிளம்பிவிட்டது. தலையில் சோப்பு நுரையோடு வெறுந்தரையில் நின்றவரிடம் ஒரு துண்டை நீட்டிவிட்டு, இருளப்பன் அதன் பின்னால் ஓடினார்.

மூன்று நாள் நடை. கடைசியில் பனையடித் தெருவில், ரெஜினாவின் தையற்கடைக்கு எதிரே அது மெல்ல உட்கார்ந்தது.

ரெஜினா மிஷினை நிறுத்தவில்லை. "அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்குது. கொஞ்சம் தள்ளிக்கிடச் சொல்லுங்க."

மாளிகை தள்ளி உட்கார்ந்தது.

"நீங்கதாம்மா பத்தாவது தலைவர்," என்றார் இருளப்பன். "உள்ள போனா, இது அடுத்து எழுந்திரிக்கிற வரைக்கும் வெளிய வர முடியாது. போனவருக்குப் பதினாலு வருசம் ஆச்சு."

ரெஜினா ஊசியில் நூல் கோத்தாள். "சரி, அது எதுக்கு இங்க வந்துச்சாம்?"

முப்பத்தோரு வருட வேலையில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. கடை பெஞ்சில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார். முதல் தலைவர் கொத்தனார். அந்த வருடம் மேற்குச் சுவரில் விரிசல். நான்காவது தலைவர் ஓடு மாற்றுவதில் கெட்டிக்காரி. அப்போது கூரை ஒழுகியிருக்கிறது. எட்டாமவர் பாம்பு பிடிக்கிறவர். 'சமையலறையில் சாரை' என்று அதே பக்கத்தில் இருளப்பனே எழுதியிருந்தார். ஒன்பதாமவர் குழாய் ரிப்பேர்காரர்.

எல்லோரும் வந்த வேலையை முதல் வாரத்திலேயே முடித்திருந்தார்கள். அதன் பிறகும் பூட்டைத் திறக்காமல் நாட்டை ஆளச் சொல்லியிருக்கிறோம் என்று இருளப்பனுக்கு உறைத்தது. எட்டாமவர் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்மவ பெரியவளாயிருப்பா, இல்ல?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. இருளப்பன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"உள்ள திரையெல்லாம் கிழிஞ்சு தொங்குதும்மா," என்றார்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே."

அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானத்துக்குள் முப்பத்தெட்டு திரைகளையும் அவள் தைத்து முடித்தாள். மாட்டியதும் மாளிகை ஒருமுறை ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டது. பிறகு எழுந்து, வந்த வழியே காலியாகப் போனது. கதவைப் பூட்ட இருளப்பன் எழுந்திருக்கவில்லை.

தலைமைச் செயலர் போனில் கேட்டார். "பேர் என்ன எழுதினீங்க?"

"எழுதல சார். திரை கிழிஞ்சிருந்துச்சு, அதத் தைக்கத்தான் வந்திருக்கு."

"மத்த தலைவருங்களுக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சார்."

"அப்போ சரி," என்று வைத்துவிட்டார். தலைவர் இல்லாத அன்றைக்கும் ரயில்களெல்லாம் நேரத்துக்கு ஓடின.

மாலை நான்கு மணிக்குக் கடல் வந்தது. யார் செருப்பையும் நனைக்காமல் தெருமுனையில் தயங்கி நின்றது. அதன் கரை இரண்டு இடத்தில் தையல் விட்டுப் பிரிந்திருந்தது.

"எந்தக் கலர் நூலுன்னு கேளுங்க அண்ணாச்சி," என்றாள் ரெஜினா.

இருளப்பன் பெஞ்சில் நகர்ந்து கடலுக்கு இடம் விட்டார்.