ஐம்பத்திரண்டு நிமிடம், ஒரு பாட்டு விலை

நான் ஒரு இசை கம்பெனியில் விலை போடுகிறவன். சாஸ்திரிய சங்கீதம் மட்டும் விற்கிற சின்ன கம்பெனி. குறுந்தகடு விற்ற காலத்தில் எனக்கு வேலையே இல்லை, எல்லாத் தகட்டுக்கும் ஒரே விலை. இப்போது எல்லாம் டவுன்லோடு. டவுன்லோடு கடைக்கு நிமிடக் கணக்கு தெரியாது, டிராக் கணக்குதான் தெரியும். அரை மணி நேரம் உயிரைக் கொடுத்து வாசித்தாலும் ஒரு டிராக், ஒரு விலை. நாற்பது விநாடி சுருதி சேர்த்தாலும் ஒரு டிராக், அதே விலை. முதலாளியிடம் புலம்பிப் பார்த்தேன். "சந்தையோட சண்டை போடாதய்யா, விலையைப் போடு" என்றார்.

இந்த லட்சணத்தில் என் மனைவியின் பதிவு வந்து சேர்ந்தது. அவள் வயலின் வாசிப்பவள். தானே அமைத்த ஒரே உருப்படி, ஐம்பத்திரண்டு நிமிடம், நடுவில் பிரிவே கிடையாது. கடைக் கணக்கில் ஒரு டிராக். அதாவது ஒரு சினிமாப் பாட்டின் விலை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டுடியோ கரண்ட் பில்லுக்குக்கூட காணாது. பதிமூணா வெட்டிடு."

வீட்டில் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டே, "என்னால முடியாது. எங்க வெட்டினாலும் எனக்கு வலிக்கும். நீங்களே வெட்டுங்க. ரெண்டு வருஷமா தினம் கேக்கறீங்க, உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே" என்றாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் கேட்டதே இல்லை. அவள் உள்ளறையில் சாதகம் செய்வாள். நான் கூடத்தில் காதில் இயர்போனோடு ஆபீஸுக்கு வந்த மாதிரிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும் சத்தம் வந்ததும் கழற்றிவிட்டு "பிரமாதம்" என்பேன். ரெண்டு வருடத்தில் எழுநூறு பிரமாதம் சொல்லியிருப்பேன். அவள் கச்சேரிகளில் பாதி நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டில் ஒருத்தர் கேட்கிறார் என்று நம்பித்தான் அவள் மறுநாள் வில்லை எடுத்தாள். அந்த நம்பிக்கை போய்விட்டால் அவள் வில்லைத் தொடவே மாட்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இன்னொரு கரண்டி சோறு பெரிய விஷயமா? கம்ப்யூட்டர் திரையில் ஒலி ஒரு கோடாகத் தெரியும். சத்தம் ஏறினால் கோடு ஏறும், வாசிப்பு நின்றால் கோடு படுத்துவிடும். படுத்த இடமாகப் பார்த்துப் பன்னிரண்டு வெட்டு வெட்டினேன். ஒலிபெருக்கியைப் போடக்கூட இல்லை. பத்தே நிமிடத்தில் முடிந்தது. முதலாளி தோளில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சமையலறை மேடையில் போனை வைத்து, நான் வெட்டியதைக் கேட்டாள். ஐந்தாவது டிராக்கோடு நிறுத்திவிட்டாள்.

"எல்லாத்தையும் பாதியில முடிச்சிருக்கீங்களே?"

"நீ நிறுத்தின இடத்துலதானே வெட்டினேன்?"

"நான் நிறுத்தினேனா?"

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் பரம்பரைக் குணம். "எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு இடமும் அத்துப்படி" என்றேன்.

அவள் போனைத் தள்ளி வைத்தாள். "சரி, உட்காருங்க."

வயலினை எடுத்து வந்து என் எதிரில் நின்றாள். நான் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவள் வாசிக்கத் தொடங்கினாள். தெரிந்தவன்போல அங்கங்கே தலையாட்டினேன். கொஞ்ச நேரத்தில் தலையாட்ட மறந்துபோனேன். தொலைந்துபோன பிள்ளையைத் தேடி ஒருத்தி மாடி மாடியாக ஏறுகிற மாதிரி இருந்தது. ஏற ஏற எனக்கு மூச்சு முட்டியது. நேரம் போனதே தெரியவில்லை. உச்சியில் ஒரே ஸ்வரத்தை மெலிதாக, மெலிதாக இழுத்து, தந்தியிலிருந்து வில்லை எடுத்துவிட்டாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

என் கண் நிறைந்துவிட்டது. இதைப் போய் இத்தனை நாள் விட்டுவிட்டேனே என்று தோன்றியது. எழுந்து நின்று கைதட்டினேன். மனசாரத்தான் தட்டினேன்.

தூக்கிய வில்லை அவள் இறக்கவில்லை.

"இன்னும் முப்பத்தி மூணு நிமிஷம் இருக்கு" என்றாள்.