வியாழக்கிழமைத் தண்ணீர்

"ஒரு கையெழுத்துப் போட உனக்கு என்ன கை வலிக்குதா, வெர்லீன்? ஊரே போட்டாச்சு. ஒண்ணுதான் குறையுது."

"ஊரே போட்டா அப்புறம் எப்படி ஒண்ணு குறையும், ஃபே?"

தீயணைப்பு நிலையக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் கிறீச்சிட்டன. காப்பர் ஸ்பர் என்ற நம் ஊருக்கென்று ஒரு குடிநீர் வாரியம், பொதுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு, வீட்டுக்கு வீடு குழாய்: இரண்டு வருடமாக ஃபே டோலன் பாடிவரும் பாட்டு இதுதான். வீட்டுக்காரர்களில் பாதிக்கு மேல் கையெழுத்திட்டால்தான் மாவட்ட அதிகாரிகள் மனுவைத் தொடுவார்கள். அதுவரைக்கும் அரிசோனாவின் அந்த வறண்ட மேட்டில் தண்ணீர் என்றால் டெல்பர்ட்டின் லாரிதான்.

"எனக்கு லாரித் தண்ணியே போதும். பழகிப்போச்சு."

"எது பழகிப்போச்சு, தண்ணியா?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. சிரிப்பு கிளம்பியது. காப்பிப் பாத்திரத்தின் அருகே சுவரில் சாய்ந்து நின்ற டெல்பர்ட் தன் தொப்பியின் உட்புறத்தைக் கவனமாக ஆராயத் தொடங்கினார்.

வெர்லீனின் கணவர் கிளைட் இறந்து ஆறு வருடம். அவர் இறந்த மாதமே வீட்டுக் கிணறும் வற்றிவிட்டது என்று அவள் சொன்னாள், நாமும் நம்பினோம். அன்று முதல் வியாழன்தோறும் மதியம் டெல்பர்ட்டின் லாரி அவள் வாசலில் நிற்கும். தொட்டி நிறைய நாற்பது நிமிடம். அதுவரை அவர் சமையலறை மேசையில் அவள் சுட்ட பீச் பழ 'பை' பலகாரத்தில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்வார். அவள் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுவாள். மற்ற ஆறு நாளும் அவள் பேசியது வானொலிக்குப் பதில் சொன்னது மட்டும்தான். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. நம் ஜன்னல்கள் அப்படி அமைந்துவிட்டன.

ஃபே ஒரு தாளை விரித்தாள். "நேத்து நீ சர்ச்சுக்குப் போயிருந்தப்ப, கிணறு தோண்டுறவரைக் கூட்டிட்டு வந்து உன் கிணத்துல அளவுக்கயிறு விட்டுப் பார்த்தேன்."

"என் வீட்டுக்குள்ள யாரைக் கேட்டு வந்தே?"

"திட்டு, வாங்கிக்கிறேன். உன் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மரமெல்லாம் மட்டும் எப்படிப் பச்சையா இருக்குன்னு ரொம்ப நாளா ஒரு உறுத்தல். உன் கிணத்துல தண்ணி ததும்புது வெர்லீன். ஊருக்கே போதும்."

யாரும் சிரிக்கவில்லை. டெல்பர்ட்தான் மெல்லக் கேட்டார். "அப்ப நான் கொண்டு வந்ததெல்லாம், மேடம்?"

"மரத்துக்கு," என்றாள் வெர்லீன். கைப்பையை எடுத்துக்கொண்டு நேராக வெளியே போய்விட்டாள்.

வியாழன் வந்தது. பை அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. லாரியும் வந்தது. ஆனால் டெல்பர்ட் ரப்பர் குழாயை இறக்கவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"தேவையில்லாத தண்ணிக்குக் காசு வாங்க மனசு வரல, மேடம். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அதனால என்ன. உள்ள வாங்க. பை சூடா இருக்கு."

அவர் லாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குழாய் ஓடினால் காத்திருக்கலாம். ஓடாத குழாய்க்கு ஒரு மனிதர் எதற்காகக் காத்திருப்பது? அதற்கு இருவரிடமும் பதில் இருந்தது. வாயைத் திறக்கத்தான் இருவருக்கும் வரவில்லை. ஆறு வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை.

"அடுத்த வீட்டுல காத்துட்டிருப்பாங்க," என்றார்.

பாதி பையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். லாரி வளைவைத் தாண்டும்வரை நின்றாள்.

மறுநாள் ஃபேயின் வீட்டுக்குப் போய்க் கையெழுத்திட்டாள். கிணற்றையும் வாரியத்துக்கே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை: கிணற்று மோட்டாரைப் பார்க்க ஆள் வருவது வியாழன் மதியமாக இருக்க வேண்டும். ஃபே அபூர்வமாகக் காரணம் கேட்காமல் அதையும் தாளில் எழுதிக்கொண்டாள்.

குழாய் போட்டு முடிய அடுத்த வருடம் ஆனது. இரண்டு மாதம் ஓர் ஆள் வியாழன்தோறும் வந்தான், பை வேண்டாம், சர்க்கரை வியாதி என்றான். பிறகு ஒரு கருவியைப் பொருத்தினார்கள், அது தானே அளந்து தானே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுகிறது.

ஃபே இப்போது வாரியத் தலைவி. டெல்பர்ட் லாரியை விற்றுவிட்டு யூமா நகரில் தங்கையோடு போய் இருந்தார். போன வசந்தத்தில் அங்கே காசு போட்டால் துணி துவைக்கும் இயந்திரங்களோடு சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். இயந்திரம் துவைத்து முடிக்கும்வரை கடையில் உட்கார்ந்திருந்ததில் வந்த பழக்கமாம். கல்யாணப் பத்திரிகை வெர்லீனுக்கும் வந்தது. உறையின் மேல் முகவரிக்கு முன்னால், 'மேடம்' இல்லாமல், வெறும் 'வெர்லீன்' என்று எழுதியிருந்ததாகத் தபால்காரர் சொன்னார்.