மத்தியானத்தில் இறங்கும் கம்பு

கம்பு மறுபடியும் இறங்கியது. நாலாம் மாடி ஜன்னலின் மேல்விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ், யாரோ கீழிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு முழம் வழுக்கி நடுக்கண்ணாடியில் நின்றது. அண்ணி அண்ணாந்தபடியே வைதாள். நான் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கம்பின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துக்கிட்டே நிக்கிறியே நெட்டை, பிடிடி!"

"பிடிச்சுட்டேன் அண்ணி. பூட்டு சரியா போட்டீங்களா?"

"போடாமலா? நான் என்ன இன்னிக்குத்தான் கம்பு தூக்குறேனா?"

ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்த குழாய்கள்தான் அந்தக் கம்பு. அடியில் தடிமன், மேலே போகப்போக ஒல்லி. மூட்டுக்கு மூட்டு ஒரு பூட்டு. அதைத் திறந்து உள்குழாயைக் கையால் உருவி, வேண்டிய நீளம் வந்ததும் மடக்கினால் கவ்விக்கொள்ளும். நுனியில் பிரஷ்; வயிற்றுக்குள் தண்ணீர் ஓடும் குழாய். அந்தக் கட்டடத்துக் கிடங்குக்காரர் அதற்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர் வைத்திருந்தார். "உங்க ஒட்டகச்சிவிங்கிக்கு வயசாயிடுச்சும்மா, முட்டி மடங்குது" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

போன வாரம் நடைபாதையில் போன ஒருவரின் தோளை உரசுகிற மாதிரி அது இறங்கிச் சாய்ந்ததை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை இறங்கினால் கம்புக்கு வேறு ஆள், அண்ணிக்குத் தரை துடைக்கிற வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எந்த வேலையும் வேலைதான். கல் சுமந்தவர்கள் வீட்டில் பிறந்தவள், குனியச் சொன்னால் குனிவேன். அண்ணி அப்படி இல்லை. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து குனிந்தே எல்லாம் செய்தவள், அண்ணாந்து செய்கிற ஒரே வேலை இது. மேல்மாடிக் கண்ணாடியின் மூலையை அவள் வழித்தெடுப்பதைப் பார்த்தால், அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று கல்லெறிந்து பார்க்கத் தோன்றும்.

கம்பைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் குழாய்களைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, நிழலில் சாய்த்து வைப்பேன். ஈரத்தோடு மூடினால் உள்ளே மண் இறுகிவிடும். எண்ணெயோ கிரீஸோ கிட்டவே வரக் கூடாது. அது தூசியைக் கூட்டிச் சேர்த்து அரம் மாதிரிக் குழாயை ராவிவிடும், பூட்டும் வழுக்கும். காய்ந்துபோகிற சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் கொஞ்சம் அடித்து, குழாயின் மேல் ஒரு தடவு தடவி, காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதற்குத் தீனி. இதில் ஒன்றையும் நான் விட்டதில்லை. பிறகு ஏன் இறங்குகிறது?

முதலில் பூட்டின் திருகாணியைச் சந்தேகித்தேன். முறுக்கிப் பார்த்தேன், அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு ஸ்ப்ரேயைச் சந்தேகித்து அதை நிறுத்தினேன். அப்போதும் இறங்கியது. அடி மூட்டில், பூட்டுக்கு மேலே உள்குழாயில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். குழாய் இறங்கினால் கோடு பூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். காலை முழுக்கக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. சாப்பாட்டு நேரம் கழிந்து கம்பைத் தூக்கினால் காணாமல் போனது. மறுநாளும் அப்படியே. காலையில் நிற்கிற கம்புக்கு மத்தியானத்தில் என்ன வந்துவிடுகிறது?

"வெயில்ல இளகுதும்மா" என்றார் கிடங்குக்காரர்.

கம்பை வெயிலில் போட்டு, கை சுடச் சுட நிமிர்த்தி, என் பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டுத் தொங்கினேன். அசையவில்லை.

"அப்ப வெயில் இல்ல. சாப்பாடுதான்" என்றேன்.

"சாப்பிட்டா உனக்குத்தான் கண்ணு சொக்கும். கம்புக்குமா சொக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

இன்றைக்குக் கம்பு இறங்கிய கையோடு அதை மடக்கிக் கீழே கிடத்தினேன். அடி மூட்டைத் திறந்து, பூட்டு கவ்வும் இடத்தை வெள்ளைத் துணியால் ஒரு சுற்று துடைத்தேன். துணியில் மஞ்சளாகப் பிசுக்கு. மூக்குக்குக் கொண்டுபோனதும் கண்ணில் நீர் வந்தது. வலித் தைலம். எங்கள் வீட்டில் அவரவர் ஒரு இடத்தில் தடவிக்கொள்ளும் அதே தைலம். அப்பாவுக்கு இடுப்பு, அம்மாவுக்கு முட்டி, அண்ணனுக்கு முதுகு.

"அண்ணி, எந்தத் தோள்?"

"என்ன தோள்?"

துணியை நீட்டினேன். மோந்து பார்த்தாள். பிடிபட்டவள் மாதிரிச் சிரித்தாள்.

"நாய் மூக்குடி உனக்கு. வலதுதான்."

"எப்பலேருந்து?"

"மழைக்கு முன்னாடியே. காலையில தாங்குது. மத்தியானமானா கை மேல வரமாட்டேங்குது. சாப்பிட்டு முடிச்சதும் கொஞ்சம் தடவிக்குவேன்."

"இடது கையால தடவுறீங்க. அதே கையாலதானே குழாயை உருவுறீங்க?"

அண்ணி தன் இடது உள்ளங்கையை விரித்து, வேறு யாருடையதோ தன் மடியில் கிடப்பதுபோலப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இந்தக் கையா? நான் அந்தப் பூட்டைத்தானேடி திட்டிக்கிட்டிருந்தேன்."

"நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்."

"உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்டே, கொன்னுடுவேன். வீட்டுல உக்காருன்னு சொல்லுவாரு. பாசத்துலதான் சொல்லுவாரு. அதனாலதான் பயமா இருக்கு."

"நான் தேய்க்கிறேன், நீங்க தண்ணி பாருங்க."

"நீ தேய்ச்சா கண்ணாடியில மேகம் வரும். போன தடவை உன்கிட்ட விட்டப்ப, மழை வருதுன்னு நெனச்சுக் கிடங்குக்காரர் துணியெல்லாம் எடுத்து உள்ள வச்சாரு."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் எழுந்துபோய் விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். நான் குழாயைக் கழுவித் துடைத்து, அழிந்த இடத்தில் கோட்டைப் புதிதாகப் போட்டேன். கம்பை அவள் தூக்கி நிமிர்த்தும்போது மேற்பார்வையாளர் வாசலைத் தாண்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அண்ணியும் பார்த்தாள். பூட்டை மடக்கினாள். டக் என்று கவ்வியது.

பிரஷ் நாலாம் மாடியைத் தொட்டது. ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. மறுபடி ஒரு தள்ளு. கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. எதேச்சையாக நிமிர்ந்தேன். இத்தனை நாளாகப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான், நுனியைப் பார்த்ததே இல்லை. அங்கே பிரஷ் நடுங்கிக்கொண்டிருந்தது. கீழே அண்ணியின் தோளில் சின்னதாகத் தொடங்கிய நடுக்கம் குழாய் குழாயாக ஏறி, உச்சியில் பெரிதாகிவிட்டது. நேராக வடிய வேண்டிய தண்ணீர் கண்ணாடியில் வளைந்து வளைந்து இறங்கியது.

"இறங்குதா?" என்று கேட்டுக்கொண்டே மேற்பார்வையாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணி திரும்பவில்லை. அவள் கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"இல்ல சார். இங்க பாருங்க."

அவர் அண்ணாந்துவிடுவதற்குள், நெஞ்சு உயரத்தில் இருந்த வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். என் விரல் அந்தக் கோட்டிலேயே இருந்தது. குழாய் வழியாக நடுக்கம் என் நகம் வரை வந்து தட்டிக்கொண்டிருந்தது.