பாதி மண்ணீரல்

...காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரியா, நீ என்ன கண்ணாடிச் சாமானா என்று மனைவி கூடத்தில் கத்த, நான் போயே ஆகணும் என்று கொழுந்தியாள் அதற்கு மேல் கத்த, இந்தச் சத்தத்துக்குக் காரணமான மனிதர், அதாவது ஊர் மெச்சும் அறுவை மருத்துவர், உள்ளறைக் கட்டிலில் ஒரு காலில் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார். "பாதி மண்ணீரல் முழுசா இருக்குடி, உங்க மாமா லேசர்ல காப்பாத்திக் குடுத்தது, ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படு." பாதி... பால்காரர் முதல் தையல்கடைக்காரி வரை தெருவுக்கே மனப்பாடமான பாதி. அதை முதலில் சொன்னது யார்? இவர்தானே? கொழுந்தியாளின் மண்ணீரலில் நீர்க்கட்டி, மற்ற டாக்டர்கள் மண்ணீரலையே முழுசாக எடுத்துவிடலாம் என்றார்கள், கத்தி வெச்சா ரத்தம் கொட்டும், லேசர் வெட்டும்போதே ரத்தக்குழாயை அடைச்சிடும், நான் காப்பாத்தறேன் என்று மார்தட்டினார். கட்டி போனது, பாதி நின்றது, உண்மைதான், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மண்ணீரலின் வெட்டுமுகத்தில் ஒரு பொட்டு ரத்தம், பக்கத்து அறைத் திரையில் வெளியூர் மருத்துவர்கள் பார்க்கிறார்கள், இஸ்திரி போட்ட துணி மாதிரி இருக்க வேண்டாமா, இன்னொரு சீவல். அதிலும் ஒரு பொட்டு, இன்னும் ஒன்று. "போதும் சார்" என்றார் மயக்க மருந்து டாக்டர், மெதுவாக, இவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. போதவில்லை. கடைசியில் ஒரு சொட்டுக்கூடக் கசியாத அழகான முகம், அதற்குப் பின்னால் எலுமிச்சம்பழத்தில் அரைமூடி அளவு சதை. அழகைக் காப்பாற்றி மண்ணீரலைத் தொலைத்த மகராசன்.

ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்ததும் வாய் 'பாதி' என்றது... அப்புறம் திருத்தலாம் என்றிருந்தார், அதற்குள் மனைவி தெருவைச் சுற்றி வந்துவிட்டாள். மண்ணீரல் போனவர்களுக்குக் கிருமியைத் தடுக்கும் ஊசிகள் போட்டிருக்க வேண்டும், போட்டால் ஏன் என்று கேட்பார்கள், சின்னக் காய்ச்சலும் ஒரே ராத்திரியில் ஆளைக் கொண்டுபோகும் என்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது, பாதி இருப்பவளுக்கு எதற்கு அந்தப் பயம்? இன்னொரு ஷூ எங்கே? எதைத் தேடுகிறோம், ஷூவையா, சாக்கையா? கூடத்தில் கொழுந்தியாளின் பல் தந்தியடிப்பது கேட்டது, குளிர் நடுக்கம்... ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு வெளியே போனார்.

"கிளம்பும்மா, வண்டியை எடுக்கறேன்."

"நீங்களுமா? அதான் பாதி இருக்கே..." என்றாள் மனைவி.

"பாதி இல்ல."

"பின்ன எவ்வளவு?"

அவர் விரல்களைக் குவித்துக் காட்டினார். மனைவி அந்தக் கையையே பார்த்தாள். கொழுந்தியாள் பார்க்கவில்லை, ஏற்கெனவே செருப்பு மாட்டியிருந்தாள்.

பிழைத்துக்கொண்டாள், ஊசிகளும் போட்டாயிற்று. மனைவி அதற்குப் பிறகு தெருவில் மருத்துவம் பேசுவதில்லை, பால்காரருக்குத்தான் நஷ்டம். கொழுந்தியாள் மறு வருஷம் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். மாப்பிள்ளை அந்த மயக்க மருந்து டாக்டர். மணமேடையில் அவர் கையைக் குலுக்கும்போதுதான் இவருக்கு உறைத்தது: அக்கா பேச்சை என்றும் தட்டாதவள் அன்று மட்டும் ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றாள்? அந்த டாக்டர் முன்னமே சொல்லியிருந்தாரா? அப்படியானால் அந்தக் கத்தல் அக்காவுக்கா, இல்லை, உள்ளறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த...